கூர்நோக்கு இல்லத்திலுள்ள பிள்ளையைக் காணச் செல்லுதல்

திருவேற்காட்டில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் தகப்பனார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். 16 வயது மகன் திருட்டு வழக்கில் சிக்கி, கெல்லீஸ் அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். பத்து நாட்களாகியும் இவர் போகவில்லை. "எந்த முகத்தோடு போவேன், ஹஜ்ரத்?" என்றார்.

சட்டத்தை முதலில் அறிந்துகொள்வோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரு சமூகப் பணியாளர்களும் அமரும் சபை அது. கூர்நோக்கு இல்லம் தண்டனைக் கூடமன்று. விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். ஜாமீனே பொதுவிதி. நன்னடத்தை அலுவலர் குடும்ப நிலையை விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தருவார். பெற்றோர் எட்டியும் பாராவிட்டால், பொறுப்பேற்க ஆளில்லை என்றே அதில் ஏறக்கூடும். தகப்பனின் வெட்கம் பிள்ளையின் கதவை அடைத்துவிடும்!

மார்க்கத்தில் இவன் பாலிக். தவ்பாச் செய்யவும், எடுத்த பொருளைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவன். அதை அவனுக்கு யார் போய்ச் சொல்வது? கைதிக்கு உணவளிப்போரைத் திருக்குர்ஆன் (76:8) புகழ்கிறது. அக்காலக் கைதி பெரும்பாலும் போர்க்களத்துப் பகைவனே என்பர் முஃபஸ்ஸிரீன்கள். பகைவனுக்கே அப்படியென்றால் பெற்ற மகனுக்கு?

பார்க்கும் நாளையும் நேரத்தையும் இல்லக் கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதை நிரூபிக்கும் பள்ளிச் சான்றை வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையேல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும். மகனைக் கண்டதும் ஸலாம் சொல்லுங்கள். வழக்கைப் பற்றிப் பிறகு பேசலாம்.

மறுவாரம் அவரும் மனைவியும் போனார்கள். மகன் முதலில் கேட்டது தங்கையைப் பற்றியாம்.