கம்பியில்லாத் தொடர்பும் திறவுகோலும்

பாம்பன், இராமேசுவரம் கடலிற் செல்லும் கலங்களின் கம்பியில்லாக் கருவியில் 16-ஆம் வழி யாவர்க்கும் திறந்ததாகும். ஆபத்துக் காலத்தில் அந்நியனும் கேட்டு உதவவேண்டுமன்றோ? கரையிலோ காரியம் வேறு. மீன் வியாபாரி புளூடூத் காதுக்கருவியில் ஏலவிலை பேசுகிறான். அது பிறர் செவிக்குரியதன்று. ஆதலின் கைப்பேசியும் காதுக்கருவியும் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை ஆக்கி, அதனாற் பேச்சை மறைக்கின்றன.

அத்திறவுகோலின் நீளம் 1 முதல் 16 பைட்டு வரை இருக்கலாம் என்பது பழைய விதி. எத்துணை என்பதை இரு கருவிகளுமே பேசித் தீர்க்கும். அப்பேச்சுக்குக் காவல் இல்லை! இடையிற் புகுந்தவன் ஒருவன் “1 பைட்டே போதும்” எனத் திரிப்பின் இரண்டும் உடன்படும். அப்போது முயன்று பார்க்கவேண்டிய திறவுகோல்கள் 256 மாத்திரமே. நம் விடுதி மாணவரின் மூன்றிலக்கப் பெட்டிப்பூட்டும் இதனினும் வலிது.

இக்குறையை ஆராய்ச்சியாளர் மூவர் 2019-இல் வெளியிட்டனர். அதன்பின் 7 பைட்டுக்குக் குறைதல் ஆகாதென விதி வகுப்போர் பரிந்துரைத்தனர். 7 பைட்டுக்கு ஏறத்தாழ 720 கோடி கோடித் திறவுகோல்கள் உள. எனினும் ஏட்டு விதி தானே காவாது. குறுந்திறவுகோலைக் கருவியே மறுத்து இணைப்பை அறுத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று மறுப்பினும் போதும். பழங்காதுக்கருவி சில இணையாது போகலாம். அஃது சிறு நஷ்டமே. அம்மறுக்கும் ஆற்றல் மென்பொருட் புதுப்பிப்பினால் வருவது; அதனை நாளை நாளை என ஒத்திவைப்போர் நம்முள்ளும் பலர்.