சாவி யார் கையில்?

மன்னார்குடி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. போனில் பேசினால் 'சரி அத்தை, சரி அத்தை' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு தீயணைப்புத் துறையின் பயிற்சி. அதே ஞாயிறுதான் உன் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. எதற்குப் போவது என்பது உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் 'ஹெச்.எம். போய்க்கொள்வார், நான் எதற்கு?' என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் ஹெச்.எம். மாதத்தில் எத்தனை நாள் கூட்டம், கணக்கு என்று வெளியே போகிறார்? நெருப்பு அவர் இருக்கும் நாளாகப் பார்த்தா வரும்?

என் பழைய பள்ளிக்கூடத்துக் கதை உனக்குத் தெரியும். ஆடு உள்ளே வருகிறதென்று பக்கத்துக் கேட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். சத்துணவுக் கூடத்துக் கீற்றில் பொறி விழுந்து புகை வகுப்புக்குள் வந்தபோது சாவி பெரிய வாத்தியாருடைய கைப்பையில், பை ஒன்றிய அலுவலகத்தில். 41 பிள்ளைகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சமையல்காரம்மா அம்மிக்குழவியைத் தூக்கிவந்து நாலு போடு போட்ட பிறகுதான் பூட்டு தெறித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே புதுப் பூட்டு வாங்கி மாட்டினார்கள், பாப்பா! சாவியை ஆணியில் தொங்கவிடுங்கள் என்று எத்தனை முறை கேட்டேன். ஓய்வு பெறும்வரை ஒருவரும் கேட்கவில்லை. கள்ளச்சாவி போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேதான் வேலை பார்த்தேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவுக்கு மூட்டிய அடுப்பு நெருப்பு கீற்றில் பிடித்து, மாடி வகுப்பின் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். ரேடியோவில் கேட்டபோது என் கை தானாக இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமும் எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கருவி உங்கள் பள்ளியிலும் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு வந்தபோது பார்த்தேன், பீரோவுக்குப் பின்னால், மேலே ஒட்டடை. முள் பச்சையில் இல்லை, சிவப்பில் கிடந்தது. பின்னை இழுத்து, குழாயை நெருப்பின் அடியைப் பார்த்துப் பிடித்து, பிடியை அமுக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச வேண்டும். எழுதிவிட்டேன், நீயும் படித்துவிட்டாய். இதனால் கைக்குப் பழக்கம் வந்துவிடுமா? ஒரு முறை தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனமே தெரியும்.

இப்போது காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே. அந்த வாயு தரையோடு படுத்திருக்கும், கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியேற்று. சுட்டுக்கொண்ட பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம், வேறெதுவும் வேண்டாம். உங்கப்பன் முழங்கையில் கஞ்சி கொட்டியபோது அம்மா பதறிப்போய் இங்க்கை ஊற்றினாள். தண்ணீர் ஊற்று என்று சொல்ல அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே ஓடும்போது வருகைப் பதிவேடு உன் கையில் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்தால் ஓடாது, ஒளிந்துகொள்ளும். பெஞ்சுக்கு அடியில், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால். எண்ணி முடிக்கும்வரை யாரையும் நம்பாதே.

உங்கள் பள்ளியின் பக்கத்துக் கேட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று நாளைக்கே கேள். மெதுவாகக் கேள், ஆனால் கேள்.

ரொம்பத் திட்டிவிட்டேனா? ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு என் வகுப்பு மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளை இன்றைக்கு டீச்சர் என்று நினைத்தாலே எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது. நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். உன் மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். காதுகுத்துக்குத் தோடு நானே வாங்கிக்கொண்டு போகிறேன், உன் பங்கு என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை முதல் பஸ் கண்டக்டரிடம் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். பயிற்சிக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள். வெறும் வயிற்றோடு போகாதே, கண்ணு.

உன் அன்பு அத்தை