கோழித் தடுப்பூசியில் ஆன்டிஜென் எவ்வளவு?

இயற்பியல் ஆசிரியனுக்குக் கோழியிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அளவிடுதல் எங்கே உண்டோ, அங்கே எங்களுக்கும் வேலை உண்டு.

மெக்சிகோ நாட்டுப் பண்ணைகளில் 1994-இல் எச்5என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியது. முதலில் சாதுவாக இருந்த அது, சில மாதங்களில் கோழிகளைக் கொல்லும் வடிவெடுத்தது. 1995-இல் தடுப்பூசி போடத் தொடங்கினர். கொடிய வடிவம் அவ்வாண்டிலேயே மறைந்தது. சாதுவான வடிவமோ ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏன்?

தடுப்பூசிக்கான வைரஸைக் கருவுற்ற முட்டையில் வளர்த்து, ஃபார்மலின் போன்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, எண்ணெயுடன் பால்போலக் கலக்குகிறார்கள். வைரஸின் மேலுறையிலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதமே இதில் முக்கிய ஆன்டிஜென். அதைக் கண்டுதான் கோழியின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஆன்டிஜென் நிறைந்த மருந்தும் குறைந்த மருந்தும் கண்ணுக்கு ஒரே வெண்மைதான்!

எண்ணெயில் கலக்குமுன் அதை அளக்க எளிய வழி உண்டு. ஹீமக்ளூட்டினின் இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். வைரஸ் கரைசலை 2, 4, 8, 16 என்று மடங்கு மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழியிலும் சிவப்பணுக்களைச் சேர்க்கிறார்கள். ஒட்டினால் வலைபோல் பரவும். ஒட்டாவிட்டால் அடியில் பொட்டுப்போல் படியும். ஒரு கரைசல் பத்தாம் குழிவரை ஒட்டவைக்கிறது, மற்றொன்று ஏழாம் குழியோடு நின்றுவிடுகிறது என்று கொள்வோம். மூன்று குழிதானே என்று எண்ணாதீர்கள். 1024-க்கும் 128-க்கும் உள்ள வேறுபாடு எட்டு மடங்கு! மடக்கை படிக்கும்போது அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோழி சாகாமல் இருக்கக் கொஞ்சம் ஆன்டிஜென் போதும். தொண்டையிலும் எச்சத்திலும் வைரஸ் வெளியேறுவதைக் குறைக்கவோ அதைவிட மிகுதியாக வேண்டும். வலுக்குறைந்த ஊசி போட்ட கோழி நன்றாகத் தீனி தின்னும், முட்டையிடும். அடுத்த கூண்டுக்கு வைரஸையும் கொடுக்கும். நோய் தெரியாததால் பண்ணைக்காரர் ஐயுறவும் மாட்டார். இதனால்தான் உலக விலங்கு நல அமைப்பின் கையேடு, ஒரு வேளை மருந்தில் குறைந்தது 50 'பாதிக் காப்பு அளவு' இருக்கவேண்டும் என்கிறது. அதாவது, அந்த மருந்தில் ஐம்பதில் ஒரு பங்கைப் போட்டாலே பாதிக் கோழிகள் பிழைக்க வேண்டும்.

அளவு மட்டும் போதுமா? மெக்சிகோவில் 1994-ஆம் ஆண்டு வைரஸைக் கொண்டே தொடர்ந்து தடுப்பூசி தயாரித்தார்கள். இதற்கிடையில் பண்ணையிலிருந்த வைரஸ் தன் புரதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டது. ஊசி போட்ட கோழிகளுக்கு மாறிய வைரஸைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. பழைய வைரஸ் வெளியேறுவது குறைந்த அளவுக்குப் புதியது குறையவில்லை.