மலை ஊர்ப் பழைய வீட்டுக்கு எந்தக் கணப்பு?
வெப்பத்துக்கும் அடக்க விலை பார்ப்போம்



ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினால் கொள்முதல் விலையோடு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு எல்லாவற்றையும் கூட்டி அடக்க விலை கண்ட பிறகே நாம் விற்பனை விலை வைக்கிறோம். ஆனால் வீட்டுக்குக் குளிர்காய ஒரு சாதனம் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். சாதனத்தின் விலையைக் கேட்கிறோம். அது தரும் வெப்பத்தின் அடக்க விலையைக் கேட்பதில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று பழைய கட்டடங்களில் வாழும் வணிகர்கள் பலர். தடித்த கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, இடைவெளி விழுந்த மரச் சன்னல் ஆகியவையே இவ்வீடுகளின் அமைப்பு. குழாய் வழி எரிவாயு இல்லாத இத்தகைய வீட்டில் கரண்டு, சிலிண்டர், விறகு, கரி ஆகிய நான்கில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

1. முதலில் ஓட்டையை அடைப்போம்

ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிற்காது. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் எந்த ஹீட்டரும் அந்த அறையைச் சூடாக்காது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, சன்னல் சட்டத்துக்கு நுரைப் பட்டை, கனத்த திரைச்சீலை ஆகியவை சிறு செலவுதான். பலன் பெரிது.

அடுத்தது கூரை. 12 அடிக்கு 12 அடி அறையில் கூரை 14 அடி உயரமானால் 2,016 கன அடி காற்றைச் சூடாக்க வேண்டும். 9 அடியில் பலகையால் உட்கூரை அமைத்தால் 1,296 கன அடி போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. சூடான காற்று மேலே ஏறி நிற்பதால் உயர்ந்த கூரை தலைக்கு மேல்தான் சூட்டைச் சேர்த்து வைக்கும்.

ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்புச் சுவரில் ஈரம் தெரிகிறதே என்று சிமெண்ட் பூசிவிட வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடும்.

2. ஒரே படியால் அளப்போம்

அரிசியையும் எண்ணெயையும் ஒரே படியால் அளக்க முடியாது; ஆனால் வெப்பத்தை அளக்கலாம். மின் அட்டையில் உள்ள ‘யூனிட்’தான் அந்தப் படி. ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பமும், நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட்டும் உண்டு. பச்சை விறகானால் அதில் பாதிகூடத் தேறுவது அரிது. அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும்.

ஓர் அறைக்கு இரவில் 4 மணி நேரம் 2,000 வாட் சூடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நாளொன்றுக்கு 8 யூனிட். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்து 60 நாட்களுக்கு 480 யூனிட். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாதாரண மின் ஹீட்டர்: 8 யூனிட் வெப்பத்துக்கு 8 யூனிட் கரண்டு. காற்றாடி வைத்தது, கம்பி சிவப்பது, எண்ணெய் நிரப்பியது எல்லாவற்றுக்கும் இதுவே கணக்கு. எண்ணெய் ஹீட்டர் கரண்டைப் பாதியாகக் குறைக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அணைத்த பிறகும் சிறிது நேரம் சூடு தாங்கும், அவ்வளவே.

சூடும் தரும் ஏசி: இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. எனவே 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிர் இரவில் சற்றுக் குறையும். நம் கணக்குப்படி 480 யூனிட்டுக்குப் பதில் 160 போதும். குளிரூட்ட மட்டுமே செய்யும் ஏசியில் இந்த வசதி கிடையாது; கேட்டு வாங்க வேண்டும்.

திறந்த கணப்படுப்பு: துரைமார் காலத்து வீடுகளில் சுவரோடு கட்டியிருப்பது. பார்க்க அழகு, ஆனால் வெப்பத்தில் ஏறக்குறைய 85 பங்கு புகைபோக்கி வழியே போய்விடும், 15 பங்குதான் அறைக்கு. 8 யூனிட் பெற நாளொன்றுக்கு 13 கிலோ விறகு எரிக்க வேண்டும்.

புகைபோக்கி வைத்த மூடிய இரும்பு அடுப்பு: வெப்பத்தில் 60 பங்காவது அறைக்கு வரும். அதே 8 யூனிட்டுக்கு மூன்றரை கிலோவுக்குள் காய்ந்த விறகு போதும். ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைக் கரி நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

எரிவாயு ஹீட்டர்: 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 22 நாள் வரும். ஆனால் புகை வெளியேறக் குழாய் இல்லாத வகையில் இரண்டு கேடுகள் உள்ளன. அவற்றைக் கீழே காண்போம்.

3. எரிந்தால் நீரும் வரும்

ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. நம் கணக்குப்படி ஓர் இரவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றுவதற்குச் சமம். மேல்மாடியில் இப்படி எரித்தால் சுவர் வியர்க்கும். கீழே கிடங்குக்கும் ஈரம் இறங்கும். உப்பு கசியும், வெல்லம் இளகும், அப்பளம் பூசணம் பிடிக்கும். கணப்புச் செலவோடு சரக்குச் சேதத்தையும் சேர்த்தால்தான் உண்மையான அடக்க விலை.

4. கரித் தணல்: விலை மலிவு, உயிர் விலை

மிக மலிவானது கரி என்று எண்ணிக் குமுட்டி அடுப்பில் தணலைப் போட்டுப் படுக்கை அறைக்குள் வைப்பவர்கள் இன்றும் உண்டு. புகை வரவில்லையே என்பது அவர்கள் வாதம். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. எழுந்திருக்கவே மாட்டார். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. ஆபத்து அந்த அளவுக்கு அதிகம்.

ஆகவே மூடிய அறையில் கரி எரிப்பதை முற்றிலும் விலக்க வேண்டும். புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரை வைத்துக்கொண்டும் தூங்கக் கூடாது. எவருக்காவது மயக்கம் கண்டால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

5. வயரிங்கைப் பாருங்கள்

2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட சிறிய பிளக்கில் செருகினால் பிளக் உருகும். மரக் கட்டடத்தில் அதுவே தீ. தனி வயர், 16 ஆம்பியர் பிளக், மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் மூன்றும் வேண்டும். நீட்டிப்புப் பெட்டி கூடாது. வீட்டு மின் இணைப்பைக் கடைக்கு இழுப்பதும் வீட்டு சிலிண்டரைக் கடையில் எரிப்பதும் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

6. முடிவு காணும் முறை

மின் அட்டையில் சராசரியைப் பார்க்காமல் கடைசி யூனிட்டின் விலையைப் பாருங்கள். அளவு கூடக் கூட விலையும் ஏறுவதால் ஹீட்டரின் கரண்டு அந்த உயர்ந்த விலையில்தான் விழும். மிச்சமாகும் 320 யூனிட்டை அவ்விலையால் பெருக்கினால் ஏசியால் வரும் ஆண்டு மிச்சம். ஏசிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை இதனால் வகுத்தால், போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். மழைக்காலத்திலும் பல மாதம் சூடு வேண்டுபவருக்கு ஏசி விரைவில் முதலைத் திருப்பும். ஆண்டில் பத்து இருபது நாள் மட்டுமே வேண்டுபவருக்குச் சாதாரண ஹீட்டரே போதும். விறகுத் தொட்டியில் காய்ந்த விறகு நியாய விலைக்குக் கிடைப்பவர் இரும்பு அடுப்பை எண்ணலாம். கரண்டு அடிக்கடி போகும் இடத்துக்கும் அதுவே துணை.

கடைசியாக ஒரு சொல். நம்மில் பலர் கரியும் விற்கிறோம். குளிர் காலத்தில் சுற்றுலா வந்தவர் கரி கேட்டால், ‘வெளியில் வைத்து எரியுங்கள், அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்’ என்று சொல்லியே பொட்டலத்தைக் கொடுப்போம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அடக்க விலை ஏதுமில்லை.