சிகிச்சைக்குப் பின் வரும் வருஷங்கள்

சிறுமூளையில் உண்டாகும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டிக்கு ஆறாவது வயதில் அறுவைச் சிகிச்சையும், பின்னர் தலை முழுமைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சும், அதற்கு மேல் மருந்துகளும் பெற்றுப் பிழைத்துவந்த என் மகளை மறுபடியும் பள்ளியில் சேர்த்தபோது, கண்டம் கழிந்தது என்று உற்றார் உறவினர் மகிழ்ந்தார்கள். வைத்தியர் மட்டும், கதிர்வீச்சின் விளைவு சில வருஷங்கள் கழித்தே படிப்பில் தெரியவரும் என்று சொல்லிவைத்திருந்தார்.

நான்காம் வகுப்பில் அது பிரத்தியட்சமாயிற்று. மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்து நோட்டை மூடிக்கொண்டிருக்க, இவள் மூன்றாவது வரியில் நின்று, பலகையிலிருந்த சொல்லைப் பார்த்துத் தலை குனிவதற்குள் அது மனத்தைவிட்டு நழுவிப்போக, மீண்டும் நிமிர்ந்து அதே சொல்லைத் தேடுவாள். அதற்குள் பலகையை அழித்துவிடுவார்கள். சோம்பேறி என்ற பெயரும் வந்துசேர்ந்தது. குழந்தைக்கு இதைவிடக் கொடிய அநீதி வேறில்லை.

மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருளைக் கதிர்வீச்சு பாதிப்பதால், கிரகிக்கும் வேகமும், கவனமும், ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டே காரியம் செய்யும் சக்தியும் குறைகின்றன. வயது இளையதாக இருக்க இருக்கப் பாதிப்பும் அதிகமாதலால்தான், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சை இயன்றவரை தள்ளிப்போடுகிறார்கள். பெற்றோர் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு: பெரும்பாலும் கற்றது அழிந்துபோவதில்லை, புதிதாகக் கற்பதுதான் தாமதப்படுகிறது. சகபாடிகள் முன்னேற முன்னேற இடைவெளி அகல்வதைப் பார்த்து, குழந்தை பின்னோக்கிப் போகிறது என்று கலங்க வேண்டாம்.

கணக்கின் கடினத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையை மட்டும் பாதியாக்கும்படியும், பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல் பாடக்குறிப்பைத் தாளிலேயே தந்துவிடும்படியும் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டோம். மிகுந்த பலன் கண்டோம். வீட்டிலும், குளி, பையை எடுத்து வை, பாட்டிக்குத் தண்ணீர் கொடு என்று ஒரே மூச்சில் ஏவுவதை விட்டு, ஒன்று முடிந்தபின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கியதும் அவள் முகத்திலிருந்த மிரட்சி விலகியது. கவனக்குறைவென்று தோன்றுவதில் ஒரு பங்கு காதின் குறையாகவும் இருக்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடியது. தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். ஆகவே குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் இவ்விரண்டையும் பரிசோதித்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் அளிக்க 2016-ஆம் வருஷத்து உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திராமல், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு உரிய பரிசோதனைகளை இந்த வருஷமே செய்வித்து, தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.