கசிவு நிற்கவில்லை, கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் பெட்ரோல் காருக்கு ஏழு வயது. சொந்த உபயோகத்துக்குத்தான். காலையில் எடுக்கும்போது தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்ஜின் ஆயில் சொட்டியிருக்கும். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்த்து 18,400 ரூபாய் வாங்கினார்கள். பத்தே நாளில் அதே இடத்தில் அதே சொட்டு. திரும்பப் போய்க் கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு, டாப் கவர் பேக்கிங்தான் கசிகிறது, 1,500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்கிறார். பில்லில் 'ஆயில் லீக் வேலை' என்று ஒரே வரி. கழற்றிய சீலையும் கண்ணில் காட்டவில்லை. வழக்குப் போடலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: போடலாம். ஆனால் பேக்கிங்கை மாற்றச் சொல்லி இன்றைக்கே வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கசிவுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சாட்சியம். அதைப் பதிவு செய்யாமல் அடைத்துவிட்டால், பிறகு உங்கள் வாய்ச்சொல்லும் அவர்கள் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும்.

டாப் கவரில் கசியும் ஆயில் இன்ஜினின் பின்புறமாக வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். பின்பக்க சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, ஈரம் முதலில் எங்கே தெரிகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்து வர வேண்டும். கியர்பாக்ஸை இறக்குவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கசிவு நிற்கவில்லை என்பதாலேயே அது சேவைக் குறைபாடு ஆகிவிடாது. கவனமாகச் செய்த வேலையும் சில நேரம் பலிக்காமல் போகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(11), வேலையின் தரத்திலும் செய்த விதத்திலும் உள்ள குறையையும், கவனக்குறைவையும் பார்க்கிறது. செலவு குறைந்த சோதனையைச் செய்யாமலே செலவு மிகுந்த வேலையில் கை வைத்தார்கள் என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். "சீலும் கசிந்தது, பேக்கிங்கும் கசிந்தது" என்று அவர்கள் நிச்சயம் சொல்வார்கள். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே உங்கள் மெக்கானிக்கை வைத்து இன்ஜினைத் துடைப்பதிலிருந்து மறுபடி ஆயில் வழிவது வரை தேதியோடு வீடியோவும் படமும் எடுங்கள். கண்டதை அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். முடிந்தால் உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் ஒரு சோதனை அறிக்கை வாங்குங்கள். அதற்கு மதிப்பு அதிகம். பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஏழு நாளில் வந்து வண்டியைப் பார்க்கலாம் என்று வாய்ப்புக் கொடுங்கள். உதிரிபாகம், கூலி எனப் பிரித்த பில்லையும் பழைய சீலையும் கேளுங்கள். சேவைக்கு பில் தராமல் இருப்பதே பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு ஒரு வரியாவது தந்திருப்பதால் அதைத் தனிக் குற்றச்சாட்டாக அழுத்த வேண்டாம். ஆனால் கேட்ட பிறகும் விவரம் தர மறுத்தால், அந்த மறுப்பு உங்களுக்குச் சாதகம்.

அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73-க்கான விளக்கம். ஆயில் குறைந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால், "தெரிந்தே ஓட்டினார்" என்று பழி உங்கள் மேல் திரும்பும். வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். குறைந்தால் ஊற்றுங்கள், அந்த பில்லும் இருக்கட்டும். ஆயில் வாடையோ புகையோ வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம். வழக்கைவிட உங்கள் உயிர் பெரிது. நோட்டீஸில் சொன்ன நாள் கடந்ததும் பேக்கிங்கை மாற்றிவிட்டு, கழற்றிய பேக்கிங்கை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை. பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். ஒர்க்‌ஷாப் அங்கேயே இறங்கி வந்தால் உங்களுக்கு நேரம் மிச்சம்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். கியர்பாக்ஸ் இறக்கிய கூலி, ஊற்றிய ஆயில் செலவு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். பேக்கிங் மாற்றும் செலவு எப்படியும் உங்களுடையதுதான், அதைச் சேர்க்காதீர்கள். புது சீல் உண்மையிலேயே போட்டிருந்தால் அதன் விலையை ஆணையம் கழித்துக்கொள்ளலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

நோட்டீஸ் அனுப்பியதும் அதன் நகலையும் தபால் ரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள்.