சின்ன நாய் காணாமல் போனால்… கையில் போன் இருக்கு, என்ன செய்யணும்?

வீட்டில் பொமரேனியன், பக், ஷிட்சூ, டாஷ்ஹண்ட் மாதிரி சின்ன நாய் வளர்ப்பவர்களிடம், "மாநகராட்சி உரிமம் எடுத்தாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் சொல்லும் பதில் இதுதான்: "எங்க குட்டி யாரையும் கடிக்காதுங்க. வீட்டை விட்டு வெளியவே போகாது. அதுக்கு எதுக்கு உரிமம், சிப்பு எல்லாம்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் உரிமமும் மைக்ரோசிப்பும் கடிக்கிற நாய்க்காக மட்டும் வந்தவை அல்ல. கேட் திறந்திருந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் குட்டி வெளியே ஓடி, யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால், "இது யாரோட நாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அதற்கு வாய் கிடையாது. அந்தப் பதிலை முன்கூட்டியே தயார் பண்ணி வைப்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் பகுதி. காணாமல் போன பிறகு எப்படித் தேடுவது, கண்டெடுத்தவர் என்ன செய்வது என்பவை அடுத்த பகுதிகள்.

சின்ன நாய் ஏன் சுலபமா காணாமல் போகுது?

முதல் காரணம், உடம்பு அளவு. பெரிய நாய் நுழைய முடியாத கேட் கம்பி இடைவெளியிலும் பால்கனி கிராதியிலும் மூன்று, நான்கு கிலோ எடையுள்ள நாய் நுழைந்துவிடும். கூரியர் வந்து கதவைத் திறக்கும்போது கால் இடுக்கில் புகுந்து போவதும் சுலபம்.

இரண்டாவது, சத்தம். மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணையும் நாயின் காது கேட்கும். பட்டாசு, இடி, கல்யாண ஊர்வல மேளம் என எது திடீரென்று வெடித்தாலும் மிரண்டு, திசை தெரியாமல் ஓடும். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்த நேரங்களில் மட்டுமல்ல, முன்னும் பின்னும் நாய் உள் அறையில் இருப்பது நல்லது. வாக்கிங்கை 5 மணிக்கே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. சின்ன நாயை ஜனங்கள் சட்டென்று தூக்கிவிடுவார்கள். "பாவம், வண்டியில அடிபட்டுடும்" என்று நல்ல மனசோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களே அதிகம். நீங்கள் தெருவில் தேடிக்கொண்டு இருப்பீர்கள். நாயோ இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். அதனால் நாயைத் தேடுவது பாதி வேலைதான். நாயைத் தூக்கிய ஆளைத் தேடுவது மீதிப் பாதி.

இன்றே செய்து வைக்க வேண்டிய மூன்று அடையாளங்கள்

1. கழுத்துப் பட்டையில் வில்லை. நாயின் பெயரைவிட முக்கியம் உங்கள் போன் நம்பர். முடிந்தால் இரண்டு நம்பர் போடுங்கள். தேடி அலையும் நாளில் உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம். கியூ.ஆர். கோடு வில்லை போட்டாலும், அதன் பின்புறம் நம்பரை எழுத்தாகவும் பொறித்துவிடுங்கள். எல்லோரும் ஸ்கேன் பண்ண மாட்டார்கள். வாக்கிங் கூட்டிப் போக, கழுத்தில் கயிறு கட்டுவதைவிட மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் நல்லது. சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் மென்மையானது. தலையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டையிலிருந்து கழன்று ஓடுவதும் குறையும்.

2. மைக்ரோசிப். அரிசி அளவுள்ள இந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். இதில் 15 இலக்க எண் மட்டும் இருக்கும். பேட்டரி கிடையாது, சிம் கிடையாது. "சிப் போட்டாச்சு, இனி நாய் எங்க இருக்குன்னு போன்ல பார்த்துக்கலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்கேனரை அருகில் கொண்டு வந்தால்தான் அந்த எண் தெரியும். எண்ணோடு சேர்த்துப் பதிவான பெயர், முகவரி, போன் நம்பர் வழியாகத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்கள். நம்பர் மாற்றினாலோ வீடு மாறினாலோ பதிவையும் மாற்றாவிட்டால் சிப் இருந்தும் பயன் இல்லை.

இருக்கும் இடத்தை நேரடியாகக் காட்ட வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். பட்டை வேண்டும், அதற்கு சிம்மும், அடிக்கடி சார்ஜும் தேவை. புளூடூத் வில்லைகள் அருகில் வேறு போன்கள் இருந்தால் மட்டுமே இடம் காட்டும். இவை எல்லாம் கழன்று விழக்கூடியவை. சிப் கழன்று விழாது. அதுதான் அதன் பலம்.

3. உரிமம். பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் புகைப்படம், நாயின் புகைப்படம், முகவரிச் சான்று, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைப் போனில் படம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் தீர்மானிக்கப்பட்டது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் உள்ளிட்ட மாநகராட்சிச் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் தடுப்பூசியும் சிப்பும் இலவசம். கிளம்பும் முன் 1913 எண்ணில் மையத்தின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கூடவே போனில் ஒரு தனி ஆல்பம் வையுங்கள். முகம், இடது பக்கம், வலது பக்கம், வால், ஏதாவது மச்சம் அல்லது தழும்பு என ஐந்து படங்கள் போதும். நாயும் நீங்களும் சேர்ந்திருக்கும் ஒரு படமும், தடுப்பூசி அட்டையின் படமும் அதில் இருக்கட்டும். நாளைக்கு "இது எங்க நாய்தான்" என்று நிரூபிக்க இவைதான் சாட்சி. முடி வெட்டினால் ஷிட்சூ மாதிரி நாய்களின் உருவமே மாறிவிடும். அதனால் வெட்டிய பிறகு புதுப் படம் எடுத்துச் சேருங்கள்.

காணவில்லை என்று தெரிந்ததும்

பதற்றம் வரும். ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு ஓடாதீர்கள். ஒருவர் வீட்டில் இருக்கட்டும், கேட்டைத் திறந்து வைக்கட்டும். நாய் தானாகவே திரும்பி வந்தால் கதவு மூடியிருக்கக் கூடாது.

தேடலை வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் தொடங்குங்கள். பிறகு நிறுத்தியிருக்கும் கார்களின் அடி, ஜெனரேட்டர் அறை, தண்ணீர்த் தொட்டி மறைவு, கட்டுமான இடத்து மணல் குவியல் எனப் பாருங்கள். மிரண்ட சின்ன நாய் பெரும்பாலும் பக்கத்திலேயே பதுங்கும். நீங்கள் கூப்பிட்டாலும் சத்தம் போடாமல் இருக்கும். அதனால் காதை மட்டும் நம்பாமல் குனிந்து, போன் டார்ச் அடித்துப் பாருங்கள். இருட்டில் கண்கள் மின்னும்.

கண்டதும் துரத்தாதீர்கள். துரத்தினால் உங்கள் நாயே உங்களிடமிருந்து ஓடும், அதுவும் சாலைப் பக்கம். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசி, தின்பண்டப் பாக்கெட்டின் சத்தம் கேட்க விடுங்கள்.

யாரிடம் கேட்பது? காவலாளி, டீக்கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட், பூக்கார அம்மா என நாள் முழுக்கத் தெருவைப் பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். விடியற்காலையில் பால் போடுபவர்கள், பேப்பர் போடுபவர்கள், தூய்மைப் பணியாளர்கள் கண்ணில் படாத நாயே அந்தத் தெருவில் இருக்காது. "அக்கா, இந்தப் பக்கம் சின்ன வெள்ளை நாய் போச்சா?" என்று வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் போனில் படத்தைக் காட்டுங்கள். கடைகளிலும் குடியிருப்புகளிலும் உள்ள சி.சி.டி.வி. பதிவை அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

பக்கத்து கால்நடை மருத்துவமனைகளுக்கும் விலங்கு நலச் சங்கங்களுக்கும் தகவல் கொடுங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் விட்டுவிடாதீர்கள். அடிபட்ட நாயை அங்கே யாராவது கொண்டு வந்து சேர்த்திருக்கலாம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். காவல்துறை இணையதளத்தில் உள்ள 'தொலைந்த ஆவண அறிக்கை' சேவை சான்றிதழ், அட்டை போன்றவற்றுக்குத்தான். நாய்க்கு அது பொருந்தாது. யாரோ தூக்கிச் செல்வது கேமராவில் தெரிந்தால் அது திருட்டு. அந்தப் பதிவோடு புகார் கொடுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி எப்படி இருக்கணும்?

பல செய்திகளில் தேதி இருக்காது, ஊர் இருக்காது. நாய் கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகும் அது குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"காணவில்லை. வெள்ளை நிறப் பொமரேனியன், பெண், 4 வயது, சிவப்புப் பட்டை. தேதி, நேரம். கடைசியாகப் பார்த்த இடம்: பெரம்பூர், ரயில் நிலையம் அருகே. பயந்த சுபாவம், துரத்த வேண்டாம். பார்த்தால் படம் எடுத்து, லொகேஷனோடு அனுப்புங்கள். போன்: (இரண்டு எண்கள்)."

இந்த விவரம் முழுவதையும் படத்தின் மேலேயே எழுதுங்கள். படத்துக்குக் கீழே தட்டச்சு செய்தால், அடுத்தவர் சேமித்துப் பகிரும்போது எழுத்து விட்டுப்போகும். வீட்டு எண்ணைப் போடாதீர்கள். முக்கியமாக, ஓர் அடையாளத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்: வயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி, உடைந்த ஒரு பல், இப்படி ஏதாவது. காரணம் அடுத்த பகுதியில். நாய் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அதே குழுக்களில் போடுவது உங்கள் கடமை.

"உங்க நாய் என்கிட்ட இருக்கு" என்று போன் வந்தால்

மகிழ்ச்சியில் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். "பெட்ரோலுக்கு இரண்டாயிரம் போடுங்க, கொண்டு வந்து தர்றேன்" என்று கேட்பவர் உண்மையிலேயே நாயை வைத்திருப்பவராகவும் இருக்கலாம், உங்கள் செய்தியைப் பார்த்து ஏமாற்றுபவராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி எளிது. வீடியோ கால் கேளுங்கள். நீங்கள் வெளியே சொல்லாத அந்த அடையாளத்தைக் கேளுங்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள், லிங்க் எதையும் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். நேரில் சந்திக்கப் பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு, துணையோடு போங்கள்.

நீங்கள் ஒரு நாயைக் கண்டெடுத்தால்

முதலில், அது தொலைந்த நாய்தானா என்று பாருங்கள். காதில் சின்ன வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து அதே தெருவில் விடப்பட்ட தெரு நாய். அதைத் தூக்க வேண்டாம்.

வீட்டு நாய் என்று தெரிந்தால் தண்ணீர் வையுங்கள், நிழலில் கட்டுங்கள். பக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு வெயில் தாங்காது. அவை மேல்மூச்சு வாங்கினால் உடம்பைத் தண்ணீரால் நனைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள். வில்லையில் நம்பர் இருக்கா பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனர் உள்ள கால்நடை மருத்துவமனையில் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்த இடத்தின் பக்கத்துத் தெருக்களில் தகவல் சொல்லுங்கள். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசி இலவசம். "வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

முழு அடையாளங்களையும் நீங்களும் வெளியிடாதீர்கள். "என் நாய்தான்" என்று வருபவரிடம் பழைய படங்கள், தடுப்பூசி அட்டை, உரிமம் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"யாரும் கேக்கலையே, நாமளே வளர்த்துடலாம்" என்று தோன்றலாம். ஆசை புரிகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் நாய் அதன் உரிமையாளரின் உடைமை. உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 314-இன் கீழ் வரக்கூடும். அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டியோ குழந்தையோ சாப்பிடாமல் காத்திருக்கலாம் என்பதையும் நினையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் முடியாது. சில நாய்கள் தொலைவதில்லை, தொலைக்கப்படுகின்றன. வயதாகிவிட்டது, வீடு மாறுகிறோம், தோல் நோய் வந்துவிட்டது என்று வேறு ஏரியாவில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சோறு மட்டுமே தெரிந்த சின்ன நாய் தெருவில் பிழைப்பது கஷ்டம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 11-படி குற்றம். வளர்க்க முடியவில்லை என்றால் வேறு நல்ல வீடு தேடுங்கள்.

சரிபார்த்துக்கொள்ளுங்கள்

நான்கு கேள்விகள். நான்குக்கும் "ஆமாம்" என்றால் நீங்கள் பாஸ்.

1. நாயின் பட்டையில் இருக்கும் நம்பர் இப்போது பயன்பாட்டில் உள்ளதா?

2. சிப்பின் 15 இலக்க எண் உங்கள் போனில் சேமிக்கப்பட்டிருக்கிறதா?

3. கடந்த மூன்று மாதத்தில் எடுத்த ஐந்து படங்கள் ஆல்பத்தில் உள்ளனவா?

4. ரேபிஸ் தடுப்பூசியும் உரிமமும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று போன் காலண்டரில் குறித்திருக்கிறீர்களா?

ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்றால், போன் கையில்தானே இருக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.